இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது

அந்த ஒன்று தட்டின் ஓரத்திலிருந்து வாலை அடித்துக்கொண்டு நடுப்பக்கமாக வந்துகொண்டிருந்தபோதுதான் லேப் கதவு திறந்தது. நர்ஸ் செல்வராணி உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "மேடம், லோகநாதன் செத்துப் போயிட்டாருங்க" என்றாள். ரேணுகாதேவி மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே "எந்த லோகநாதன்?" என்று கேட்டாள், கேட்டுக்கொண்டே குமிழைத் திருப்பி அந்த ஒன்றைப் பின்தொடர்ந்தாள், வெகுநேரம் தேடி இப்போதுதான் நேராக ஓடுகிற விந்தணு ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது, மற்றதெல்லாம் செத்தது அல்லது நின்ற இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டிருப்பது, இதைத் தவறவிடக் கூடாது என்று கண் சொன்னது, எந்த லோகநாதன் என்று வாய் கேட்டது, அப்புறம்தான் அந்தப் பெயரைக் காலையில் தன் கையாலேயே இந்தத் தட்டின் விளிம்பில் எழுதியது உறைத்தது. "கோகிலவாணியோட வீட்டுக்காரருங்க" என்றாள் செல்வராணி. "அந்தக்கா கண்ணு முழிச்சதும் குடிக்கட்டும்னு இளநி வாங்கப் போயிருக்காரு. ரோட்டைத் தாண்டறப்ப பஸ் அடிச்சிருச்சு. அங்கயே முடிஞ்சிருச்சாமுங்க. கடைசியாப் பேசுன நம்பர்னு போலீஸ்ல இருந்து நமக்குத்தான் போன் பண்ணுனாங்க." முடிஞ்சிருச்சாம். லென்ஸுக்குக் கீழே அது ஒரு குமிழியில் முட்டி, திரும்பி, மறுபடியும் ஓடியது. இவன் செத்திருந்தால் இது எப்படி ஓடும், ஆள் மாறியிருக்கும், வேறு யாராவது லோகநாதனாக இருக்கும் என்று அவள் நினைத்தாள், பதினோரு வருஷமாக இதே வேலையைச் செய்கிறவள், படித்ததும் இதைத்தான், அப்படித்தான் நினைத்தாள்.

காலையில் அவன் விந்து எடுத்த டப்பாவைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தான். சூடு ஆறாமல் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், அதை யாரும் இவ்வளவு சிரத்தையாகச் செய்து அவள் பார்த்ததில்லை. "ஏனுங்க மேடம், ஆறிப் போச்சுன்னா செத்துருமுங்களா?" என்று கேட்டான். "அதெல்லாம் ஆகாதுங்க, குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை, அந்த நேரத்தில் ஆண்களின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது இந்த லேப்பில் யாரும் சொல்லித்தராத மரியாதை, அதனால் இப்போது எவ்வளவு முயன்றும் அவன் முகம் வரமாட்டேன் என்கிறது. விரல்தான் வருகிறது. நகக்கண்ணில் பச்சைச் சாயம். சாயப்பட்டறையில் கொதிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நாளெல்லாம் நிற்கிறவன், அந்தச் சூடும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது இன்றைக்கு உண்டானது இல்லை. இரண்டரை மாசம் ஆகும் ஒன்று உருவாக. அப்படியானால் ஆடி மாசம், காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு நாள், அவன் சாயத்தைக் கலக்கிக்கொண்டு நின்றபோதோ, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோதோ, பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்திருந்தபோதோ, உள்ளே ஒரு செல் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் சீட்டுக் கட்டைக் குலுக்குகிற மாதிரி குலுக்கி, அவனுடைய அப்பன் கொடுத்ததில் கொஞ்சம், அம்மா கொடுத்ததில் கொஞ்சம் என்று பாதியைப் பிரித்து வைத்திருக்கிறது. அப்புறம் தலை உருண்டது, வால் முளைத்தது. அவனைக் கேட்டுக்கொண்டா நடந்தது, அவனுக்குத் தெரியவே தெரியாது. இப்போதும் தெரியாது. இப்போது பெரியாஸ்பத்திரி பிணவறையில் கிடத்தியிருப்பார்கள், அந்த உடம்புக்குள்ளேயும் இன்னும் சில மணி நேரத்துக்கு, இதே மாதிரி, இருட்டுக்குள், என்று நினைப்பு போனது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். லேப்பில் எப்போதும் இருக்கிற மங்கிய வெளிச்சம், வாசனையே இல்லாத காற்று, வாசனை சினைமுட்டைக்கு ஆகாது என்று பதினோரு வருஷமாகப் பூ வைக்காத தலை. எல்லாம் நேற்று போலவே இருந்தன. அதுதான் பயமாக இருந்தது.

டாக்டர் அம்பிகா வந்தபோது அவர் கையுறையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. சற்று முன்புதான் கோகிலவாணியை மயக்கத்தில் படுக்க வைத்து முட்டைகளை எடுத்து முடித்திருந்தார், ஆறு முட்டை, ஆறும் நல்ல முட்டை, லேப் மூலையில் இன்குபேட்டரில் இருந்தன. "கேட்டியா ரேணு" என்றார். கேட்டேன் என்று தலையாட்டினாள். டாக்டர் தட்டின் பக்கம் குனிந்தார். "ஓடறது ஏதாவது இருக்கா?" "நாலஞ்சு இருக்கும் டாக்டர். ஒண்ணு நல்லா ஓடுது." "ஃப்ரீஸ் பண்ணி வச்சா?" "இதுங்க தாங்காது. உருக்கி எடுக்கறப்ப ஒண்ணுகூட உயிரோட இருக்காது." டாக்டர் முகமூடியை இழுத்துக் கழுத்தில் விட்டுக்கொண்டார். "அப்ப இப்பவே ஊசியில செஞ்சுரு. கருவாக்கி உறைய வச்சுருவோம். அப்புறம் அந்தப் பொண்ணு வேணும்னா வச்சுக்கட்டும், வேண்டாம்னா விட்டுரட்டும். கதவையாவது சாத்தாம வைப்போம்." "அவங்களுக்குச் சொல்லியாச்சா?" "மயக்கமே முழுசாத் தெளியல. கூட ஒருத்தருமில்ல, ரெண்டு பேரும் வீட்ல சொல்லாம வந்தவங்க. அவனோட அண்ணனுக்குப் போலீஸ் சொல்லியிருக்காங்க, அவங்க வரட்டும்." "சொல்லாம செய்யறதா டாக்டர்?" "காலையில ரெண்டு பேரும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க ரேணு." "காலையில அவரு உயிரோட இருந்தாரு." டாக்டர் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை, களைப்புதான். "நேரம் போகப் போக முட்டை கெட்டுரும். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல" என்றுவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கதவைச் சாத்தாமல் வைப்பது. யாருக்குக் கதவு?

ரேணுகாவின் அப்பா பஸ் கண்டக்டர், அவள் உண்டான சேதி தெரியாமலே செத்துப்போனவர். படிக்கட்டில் நின்று விசிலடித்துக்கொண்டிருந்தவர் வளைவில் விழுந்தார், அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லப்பட்டது. அம்மாவுக்கும் அப்போது தெரியாது. பதினாறாம் நாள் காரியத்தன்று அம்மா கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுத்தாள், துக்கத்தில் சாப்பிடாததால் பித்தம் என்று பெண்கள் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கொடுத்தார்கள், பித்தம்தான் ரேணுகா. அவள் பிறந்தபோது அத்தை மாசத்தைக் கைவிரலில் எண்ணிப் பார்த்தாள் என்பதை அம்மா சொல்லவில்லை, அத்தையே ஒரு கல்யாண வீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டு சிரித்தபடி சொன்னாள், "எண்ணிப் பாத்துத்தான் எடுத்தேன் உன்னைய." அப்பனை முழுங்கினவ என்று சொல்லுவார்கள். முழுங்கினதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. ஸ்கூலில் அப்பா பெயர் கேட்கும்போது எழுந்து சொல்லிவிட்டு உட்காருவாள், அந்தப் பெயர் வாயில் ஒரு ருசியும் இல்லாமல் வந்துபோகும். காலேஜில் கருவியல் படித்த வருஷம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தாள், அவர் விழுந்த அன்றைக்குத் தான் நாலோ எட்டோ செல்லாக அம்மாவுக்குள் மெதுவாக உருண்டுகொண்டிருந்திருக்க வேண்டும், இன்னும் எங்கேயும் ஒட்டிக்கூட இருக்கவில்லை, கொஞ்சம் உலுக்கியிருந்தால் உதிர்ந்திருக்கும், அவ்வளவு அழுகையும் மாரடிப்பும் அம்மாவை உலுக்கியும் உதிரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டாள், "உன்னைய முன்னாடியே யாராவது கேட்டிருந்தா, இந்தப் பிள்ளை வேணுமா வேண்டாமான்னு, என்ன சொல்லியிருப்பே?" அம்மா ஒரு பட்டாணியை உரித்தாள். இன்னொன்றை உரித்தாள். "டேங்க் நெறைஞ்சு வழியுது பாரு, மோட்டரை நிறுத்து போ" என்றாள். மோட்டர் போடவே இல்லை அன்றைக்கு. ரேணுகா எழுந்து போய் ஓடாத மோட்டரின் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள், அதை மறைக்கத்தான் டேங்க், என்று பல வருஷம் நினைத்தாள். வேணும் என்று சொல்ல வெட்கம் என்று சில வருஷம் நினைத்தாள். இப்போது அப்படியெல்லாம் இல்லை, அம்மாவை யாருமே கேட்கவில்லை, கேட்காத கேள்விக்கு ஒரு மனுஷிக்குப் பதில் எங்கிருந்து வரும், என்று லேப் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. தோன்றியதும் வேறு ஒன்று உறைத்தது. அடுத்த அறையில் ஒருத்தி படுத்திருக்கிறாள். கேட்க முடியும்.

ஆனால் கை அதற்குள் வேலையை ஆரம்பித்திருந்தது. முதல் முட்டையை எடுத்துத் தட்டில் விட்டாயிற்று, கண்ணாடிக் குழாய் அதை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது, உருண்டையாக, தெளிவாக, ஓரத்தில் அது வெளியே தள்ளியிருந்த சின்னஞ்சிறு உருண்டையோடு. கோகிலவாணி தன் அம்மா வயிற்றில் இருந்தபோதே இது உண்டாகிவிட்டது. அப்போதே இரண்டாகப் பிரிய ஆரம்பித்து நடுவில் நின்றுபோய், அவள் பிறந்து, வயசுக்கு வந்து, லோகநாதனைக் கட்டி, இத்தனை வருஷமும் அப்படியே நின்றுவிட்டு, நேற்று ராத்திரிதான் ஊசி மருந்தில் விழித்துக்கொண்டு பாதியைக் கழித்துத் தள்ளியது. மறுபடியும் ஒருதடவை நிற்கிறது. கடைசிப் பிரிவை அது தானாக முடிக்காது. ஓர் ஆணின் அணு உள்ளே வந்தால்தான் முடிக்கும், வராவிட்டால் நாளைக்குக் கறுத்துச் சிதைந்துபோகும். அதற்குள் அந்த ஒன்றை அவள் கெட்டித் திரவத்துக்குள் விட்டிருந்தாள், அதில் வேகம் குறைந்து தேனில் நடக்கிற எறும்பு மாதிரி வந்தது. அடுத்து என்ன என்று கைக்குத் தெரியும். ஊசிமுனையால் வாலைத் தட்டின் அடியோடு வைத்து அழுத்த வேண்டும். வால் மடங்கி, ஓட்டம் நிற்கும். ஓடிக்கொண்டிருக்கிறதை உள்ளே விடக் கூடாது, முதலில் அடித்து நிறுத்தினால்தான் முட்டை ஏற்றுக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிறாள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு அடித்துவிட்டுப் போய்க் கை கழுவித் தயிர்ச்சாதம் சாப்பிட்டிருக்கிறாள். ஊசியை இறக்கினாள். அது ஊசியின் நிழலுக்குக் கீழே வந்து நகர்ந்தது. இந்த உலகத்தில் அந்த மனுஷனுடையது என்று இன்னும் அசைகிற ஒன்று. பஸ் அடித்த மாதிரி நானும் அடிக்கிறேனா என்று நினைத்தாள், நினைத்ததும் அந்த நினைப்பின் அசிங்கம் தாங்காமல் ஊசியை மேலே தூக்கினாள். அது போய்விட்டது, ஓரத்துக்கு. முட்டையைத் திரும்ப இன்குபேட்டரில் வைத்துவிட்டு டாக்டரின் அறைக்குப் போனாள்.

"டாக்டர், கேக்காம என்னால முடியாது" என்றாள். டாக்டர் அம்பிகா போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தவர் வைத்துவிட்டார். "புருஷன் செத்துட்டான்னு சொல்றப்பவே இதையும் கேக்கணும்கிறியா? மனுசங்க செய்யற காரியமா அது?" "கேக்காம செய்யறதும் இல்லையே டாக்டர்." டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "நான் சொல்றேன். நீ கேளு" என்றார்.

கோகிலவாணி விழித்திருந்தாள். உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. உள்ளே வந்தவர்களில் ரேணுகாவைத்தான் முதலில் பார்த்து, "எத்தனை கிடைச்சுதுங்கக்கா?" என்று கேட்டாள். ரேணுகாவால் ஆறு என்று சொல்ல முடியவில்லை. டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தையில் சொன்னார், சுற்றி வளைக்கவில்லை. கோகிலவாணி கத்தவில்லை. "நான் வேண்டாமுன்னுதானுங்க சொன்னேன்" என்றாள். "எளநி எனக்குச் சேராதுன்னு சொன்னேன். கேட்டுட்டும் போயிட்டாரு." அதையே இன்னொரு தடவை சொன்னாள், யாராவது அதை ஒத்துக்கொண்டால் விஷயம் மாறிவிடும் என்பது போல. டாக்டரின் கண் ரேணுகாவின் மேல் வந்து நின்றது. இப்போது கேட்காவிட்டால் இனிமேல் முடியாது. தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது. "கோகிலா, காலையில அவரு குடுத்தது லேப்ல இருக்குதுங்க. அதையும் முட்டையையும் சேக்கணும்னா இன்னைக்கே சேக்கணும். நாளைக்கு ரெண்டும் இருக்காது. வயித்துல வைக்கறது அப்புறம், ஆறு மாசம் கழிச்சுன்னாலும் சரி, வேண்டாமுன்னாலும் சரி. சேக்கட்டுமா வேண்டாமான்னு உங்களத்தான் கேக்கணும்." அவள் புரியாமல் பார்த்தாள். அப்புறம் புரிந்தது, புரிவது முகத்தில் தெரிந்தது, அதைப் பார்ப்பதைவிட அடி வாங்கலாம் போலிருந்தது ரேணுகாவுக்கு. "அப்பன் மூஞ்சி பாக்காத புள்ளை ஆயிருமுங்களேக்கா. ஊரு என்ன பேசும். நாளைக்கு அது என்னைய வையாதுங்களா, எதுக்குப் பெத்தேன்னு?" ரேணுகா, "நான் அப்படிப் பொறந்தவதாங்க" என்றாள். கட்டிக்கொண்டவனிடம்கூட இதை இப்படி ஒரே மூச்சில் சொன்னதில்லை. கோகிலவாணி அவளைத் தலையிலிருந்த துணித் தொப்பியிலிருந்து கால்வரைக்கும் பார்த்தாள், கடையில் துணி பார்க்கிற மாதிரி, நிதானமாக. "நல்லாத்தான இருக்கறீங்க?" என்றாள். யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. "இருக்கறேனுங்க" என்றாள்.

கோகிலவாணி டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அது இப்ப உசுரோடதான் இருக்குதுங்களா?"

"ஓடிக்கிட்டிருக்குதுங்க."

"இப்பவுமா?"

"இப்பவும்."

"அவரு போயிட்டாருன்னு அதுக்குத் தெரியலைங்களா?"

டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தெரியாதுங்க" என்றாள் ரேணுகா.

"அப்பச் சொல்லிராதீங்க" என்றாள் கோகிலவாணி. "செய்யுங்க."

ரேணுகா லேப் வாசலை அடைந்தபோதுதான் பின்னால் அந்த அழுகை கிளம்பியது, இரண்டு கதவையும் சாத்தியும் உள்ளே வந்தது. ஊசி, குழாய், முட்டை. அந்த ஒன்றை மறுபடி தேட வேண்டியிருந்தது, ஓரத்தில் ஒரு குமிழிக்குப் பின்னால் அடைந்து வாலை அடித்துக்கொண்டிருந்தது. சொல்லவில்லை, சொல்லவில்லை என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே ஊசிமுனையை இறக்கி அழுத்தினாள். வால் மடங்கியது. உறிஞ்சிக்கொண்டாள். முட்டையின் கெட்டியான ஓட்டைத் தாண்டி ஊசி போயிற்று, உள்ளே மெல்லிய சவ்வு கூடாரத் துணி மாதிரி குழிந்து, குழிந்து, விட்டுக்கொடுக்காமல், கடைசியில் பட்டென்று விட்டது. அவனை அங்கே வைத்துவிட்டு ஊசியை உருவினாள். அவனை என்றுதான் நினைத்தாள், திருத்திக்கொள்ளவில்லை. இனி அவள் கையில் ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் நின்றிருந்த பிரிவை முட்டை தானே முடித்துக்கொள்ளும், மிச்சப் பாதியை வெளியே தள்ளும், கோகிலவாணியுடைய பாதியும் அவனுடைய பாதியும் ஆளுக்கொரு சின்ன வட்டமாகத் திரண்டு ராத்திரி முழுவதும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும். அல்லது நகராது. அசைகிற அணுக்கள் தீரும்வரை அடுத்ததை, அடுத்ததை என்று செய்தாள். கடைசியாக எதை எடுத்தாள், எப்போது எழுந்தாள், வீட்டுக்கு எப்படிப் போனாள் என்பது அவளுக்கு ஞாபகமில்லை.

காலையில் பார்த்தபோது இரண்டு முட்டைகளில் இரண்டிரண்டு வட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. மற்றவற்றில் ஒன்றுமில்லை. கரு சேர்ந்ததா இல்லையா என்று மறுநாள் காலையில் போன் செய்து சொல்வது இங்கே வழக்கம், எல்லாருக்கும் அவள்தான் சொல்வாள், ஆனால் இந்த வீட்டுக்கு எப்படிச் சொல்வது, எடுப்பார்களா, எடுத்தாலும் யார் எடுப்பார்கள் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டரைச் சொல்லச் சொல்லலாமா என்று பார்த்தாள். கேட்டது நான்தான் என்று நம்பரைப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பறைச் சத்தம், பெண்களின் அழுகை, யாரோ பெஞ்சை நகர்த்துகிற சத்தம், அதற்கு நடுவில் கோகிலவாணியின் குரல், கட்டிப்போய், அடையாளமே தெரியாமல், "சொல்லுங்கக்கா" என்றது.

"கோகிலா... ரெண்டு சேந்திருக்குதுங்க."

மறுபக்கத்தில் பறைதான் கேட்டது. பயந்துபோய், "கோகிலா? கேக்குதுங்களா?" என்றாள்.

"கேக்குதுங்க. ஆஸ்பத்திரியில அறுத்துத் தெச்சு இப்பத்தான் கொண்டாந்து போட்டிருக்கறாங்க, இன்னும் எடுக்கலை" என்றாள் கோகிலவாணி. "நான் போயி அவருகிட்டச் சொல்லிட்டு வந்தர்றேன். வச்சராதீங்கக்கா."

போனை எதன் மேலோ வைக்கிற சத்தம் கேட்டது. காலடிகள். கூட்டத்தில் யாரோ "வழி விடுங்க, அந்தப் புள்ளைக்கு வழி விடுங்க" என்றார்கள். ரேணுகாதேவி போனை வைக்கவில்லை.